அரசால் காயம்பட்டவருக்குத் தனிச் சட்டம் போட்டு இழப்பீடு: ஃபுளோரிடாவின் கிளெய்ம் மசோதா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளெய்ம் மசோதா என்றால் என்ன?

ஒரே ஒரு ஆளுக்காக, அல்லது ஒரு குடும்பத்துக்காக, சட்டமன்றம் போடும் சட்டம். ஷெரிஃப் அலுவலகக் கார் (அந்தப் பகுதி போலீஸின் கார்) மோதி ஒருவர் படுத்த படுக்கையாகிறார்; அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது தவறு நடந்து குழந்தையின் மூளை பாதிக்கப்படுகிறது; பள்ளிக்கூடப் பஸ்ஸில் பிள்ளைக்கு அடிபடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்குச் சேர வேண்டிய தொகை ஒரு வரம்பைத் தாண்டினால், மிச்சத்தைக் கொடுக்க அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டும். ‘இன்னாரின் நிவாரணத்துக்கான சட்டம்’ என்றுதான் அதன் தலைப்பே இருக்கும்.

நம் பத்திரிகைகளில் வரும் ‘தனிநபர் மசோதா’ இதுதானா?

இல்லை. அது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் பொதுவான மசோதா. இங்கே தனிநபர் என்பது மசோதாவைக் கொண்டுவருபவர் அல்ல, அதனால் பலன் பெறுபவர். குழப்பம் வராமலிருக்க இந்தப் பக்கம் முழுக்கக் கிளெய்ம் மசோதா என்றே எழுதியிருக்கிறோம்.

ஜூரி தீர்ப்புச் சொன்ன பிறகும் மசோதா எதற்கு?

அரசின் மேல் அதன் சம்மதம் இல்லாமல் வழக்குப் போட முடியாது என்பது இங்கிலாந்து மன்னராட்சியிலிருந்து அமெரிக்க மாநிலங்களுக்கு வந்த பழைய கொள்கை. வழக்குப் போட வழி செய்து தரலாம் என்று ஃபுளோரிடா அரசியலமைப்பின் 10வது பிரிவு, 13வது பகுதி சட்டமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதை வைத்து 1973இல் வந்ததுதான் 768.28 என்ற சட்டப்பிரிவு. மாநிலத் துறைகள், கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி), நகராட்சிகள், பள்ளி வாரியங்கள், ஷெரிஃப் அலுவலகங்கள், அரசு மருத்துவமனைகள் எல்லாமே இதற்குள் வரும். அவற்றின் கவனக்குறைவுக்காகக் கேஸ் போடலாம். ஆனால் ஒரு ஆளுக்கு 2 லட்சம் டாலர், ஒரு சம்பவத்துக்கு மொத்தம் 3 லட்சம் டாலர் என்ற வரம்பு வரைக்கும்தான் பணம்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த வரம்பு தீர்ப்புக்கு அல்ல, பட்டுவாடாவுக்குத்தான். ஜூரி 50 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லலாம். நீதிபதியும் அந்தத் தொகைக்கே தீர்ப்பு எழுதலாம். அரசு நிறுவனம் 2 லட்சத்தைக் கட்டிவிட்டு நின்றுவிடும். மீதி 48 லட்சத்தைச் சட்டமன்றத்துக்குத் தெரியப்படுத்தலாம், சட்டமன்றம் இன்னொரு சட்டம் போட்டால் மட்டுமே அதை முழுதாகவோ பகுதியாகவோ கொடுக்கலாம் என்று 768.28 சொல்கிறது.

தமிழ்நாட்டில் போக்குவரத்துக் கழகம் விபத்து இழப்பீட்டைக் கட்டாவிட்டால் கோர்ட் அமீனா வந்து பஸ்ஸையே ஜப்தி செய்துவிடுவார். ஃபுளோரிடாவில் வரம்புக்கு மேற்பட்ட தொகைக்காக அப்படி எதையும் ஜப்தி செய்ய முடியாது. அந்தப் பகுதிக்குத் தீர்ப்பு ஒரு சிபாரிசுக் கடிதம் மாதிரிதான்.

ஒரே விபத்தில் மூன்று பேருக்கு அடிபட்டால்?

மூன்று பேருக்கும் சேர்த்து 3 லட்சம். ஆளுக்கு 2 லட்சம் வீதம் 6 லட்சம் கிடைக்காது. அப்பா, அம்மா, குழந்தை மூவரும் ஒரே காரில் போகும்போது நகராட்சி லாரி மோதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத்தான் வாழ்நாள் முழுக்கச் சிகிச்சை தேவை என்றால் 2 லட்சத்தை முதலில் குழந்தையின் பங்காக ஒதுக்கி, மிச்சமிருக்கும் 1 லட்சத்தைப் பெற்றோருக்குப் பிரிப்பது பற்றி ஆரம்பத்திலேயே பேச வேண்டியிருக்கும். மூன்று பேருக்கும் ஒரே வக்கீல் என்றால் இங்கேதான் நலன்கள் மோதும்.

இந்த வரம்பு எப்போதும் இதேதானா?

ஆரம்பத்தில் 50,000, 1 லட்சம் என்று இருந்தது. 1981இல் 1 லட்சம், 2 லட்சம் ஆனது. இப்போது சொல்லும் 2 லட்சம், 3 லட்சம் 2011 அக்டோபர் 1 முதல். உயர்த்த வேண்டும் என்ற முயற்சி சட்டமன்றத்தில் அடிக்கடி நடப்பதால், உங்கள் சம்பவம் நடந்த தேதியில் எந்தத் தொகை அமலில் இருந்தது என்று பாருங்கள். 30 ஆண்டுகள் 1 லட்சமாகவே நின்ற வரம்பு அது. மருத்துவச் செலவு அதற்காக நின்று காத்திருக்கவில்லை.

சட்டமன்றத்துக்கே போகாமல் வரம்புக்கு மேல் வாங்க வழி இருக்கிறதா?

மூன்று வழிகளை முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்று, இன்சூரன்ஸ். அரசு நிறுவனம் பாலிசி எடுத்திருந்தால், பாலிசித் தொகை வரைக்கும் சட்டமன்றத்தைக் கேட்காமலே சமரசம் செய்துகொள்ளலாம். ஆனால் பாலிசி எடுத்ததாலேயே வரம்பு உயர்ந்துவிட்டதாக ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதாவது கொடுக்க முடியும், கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆகவே வழக்கின் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்க வேண்டிய காகிதம் பாலிசியின் நகல்.

இரண்டாவது, வேறு யாராவது பொறுப்பாளியா என்று பார்ப்பது. சாலைப் பணி செய்த தனியார் ஒப்பந்ததாரர், பழுதான பிரேக்கைத் தயாரித்த கம்பெனி போன்றோருக்கு இந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது. ஒப்பந்ததாரர் அரசின் முகவராகச் செயல்பட்டார் என்ற வாதம் மட்டும் எதிர்த்தரப்பிலிருந்து வரும்.

மூன்றாவது, சிவில் உரிமை வழக்கு. போலீஸ் அத்துமீறல், சிறைக் கைதிக்குத் தெரிந்தே சிகிச்சை மறுத்தது போன்றவற்றைக் கூட்டாட்சிச் சட்டத்தின் 1983ஆம் பிரிவில் கொண்டுபோனால் மாநிலத்தின் வரம்பு பொருந்தாது. ஆனால் வெறும் கவனக்குறைவு அதற்குப் போதாது. மாநிலத் துறைகளின் மேல் அந்தப் பிரிவில் இழப்பீடும் கேட்க முடியாது. கவுண்டி, நகராட்சி மேல் கேட்கலாம்.

ஓட்டுநரான அரசு ஊழியரின் மேலேயே தனியாகக் கேஸ் போடலாமே என்பார்கள். தீய எண்ணத்தோடோ, மனிதப் பாதுகாப்பைத் துச்சமாக மதித்தோ நடந்தார் என்று காட்டினால் ஒழிய முடியாது. காட்டிவிட்டால் அரசு பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளும். மாதச் சம்பளக்காரரிடமிருந்து எவ்வளவு வசூலாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி எது?

எழுத்து மூலமான நோட்டீஸ். காயத்துக்கு 3 ஆண்டுகள், மரணத்துக்கு 2 ஆண்டுகள் கெடு. சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். கூடவே மாநில நிதிச் சேவைகள் துறைக்கும் அனுப்ப வேண்டும். கவுண்டி, நகராட்சி மேலான கோரிக்கைக்கு இந்த இரண்டாவது நோட்டீஸ் தேவையில்லை. பள்ளி வாரியத்தையும் ஷெரிஃப் அலுவலகத்தையும் ‘உள்ளூர் ஆட்கள்தானே’ என்று நினைத்து, துறைக்கு அனுப்பாமல் விடுவது வழக்கமான தவறு. நல்ல கேஸ்கள் இதில் விழுந்திருக்கின்றன. சந்தேகம் இருந்தால் இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள், ஒப்புகையோடு கூடிய பதிவுத் தபாலில்.

நோட்டீஸில் பிறந்த தேதி, பிறந்த இடம், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். 200 டாலருக்கு மேல் மாநிலத்துக்குப் பாக்கியான அபராதமோ கட்டணமோ தீர்ப்புத் தொகையோ இருந்தால் அதன் விவரமும் வேண்டும். பாக்கி இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள்.

நிறுவனத்துக்கு விசாரிக்கப் பொதுவாக 6 மாதம் உண்டு. அதற்குள் பதிலே இல்லை என்றால் மறுத்துவிட்டதாகக் கணக்கு, பிறகுதான் வழக்கு.

மசோதாவை யார் தாக்கல் செய்வது, எப்போது?

நீங்கள் நேராகத் தாக்கல் செய்ய முடியாது. 40 பேர் கொண்ட செனட்டில் ஒருவர், 120 பேர் கொண்ட கீழவையில் ஒருவர், இருவரும் ஒரே வாசகத்தில் தனித்தனி மசோதா கொடுக்க வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

செனட் விதிப்படி, அடுத்த வழக்கமான கூட்டத்தொடரில் எடுத்துக்கொள்ள வேண்டிய கிளெய்ம் மசோதா ஆகஸ்ட் 1க்குள் போய்ச் சேர வேண்டும். கூட்டத்தொடர் 60 நாள்தான்; ஒற்றைப்படை ஆண்டுகளில் மார்ச்சில், இரட்டைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் தொடங்கும். செப்டம்பரில் தீர்ப்பு வந்தால் அந்தத் தொடர் கைநழுவிப் போகும். முதலில் மேல்முறையீடு உட்பட எல்லாக் கோர்ட் வழிகளும் முடிந்திருக்க வேண்டும். சமரச ஒப்பந்தம் ஆகியிருந்தால் மட்டும் விலக்கு.

காரணம் எழுந்து 4 ஆண்டுக்குப் பிறகு சட்டமன்றத்தில் கோரிக்கை வைக்க முடியாது என்று 11.065 என்ற பிரிவு சொல்கிறது. நான்கை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதிலேயே வாதம் கிளம்பும் என்பதால், வக்கீலிடம் இதற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பெஷல் மாஸ்டர் என்பவர் யார்? அவர் முன்னால் என்ன நடக்கும்?

சட்டமன்றம் நியமிக்கும் சட்ட அலுவலர். பெரும்பாலும் செனட் தரப்பிலும் கீழவைத் தரப்பிலும் ஒவ்வொருவர் இருந்து சேர்ந்தே விசாரிப்பார்கள். விசாரணை முதலிலிருந்து நடக்கும். ஜூரி ஏற்கெனவே ‘நிறுவனம்தான் தவறு செய்தது’ என்று சொல்லியிருந்தாலும், கடமை இருந்ததா, அது மீறப்பட்டதா, அதனால்தான் காயமா, தொகை நியாயமா என்ற நான்கையும் இவர் புதிதாகப் பார்ப்பார். சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகள் இங்கே கிடையாது. கோர்ட்டில் சேர்க்கப்படாத காகிதமும் உள்ளே வரலாம். அது உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பும், பாதகமாகவும் திரும்பும்.

கொண்டுபோக வேண்டியவை: வழக்கு மனு, ஜூரி நிரப்பிய தீர்ப்புப் படிவம், தீர்ப்பு, சாட்சியப் பதிவுகள், மருத்துவப் பில்கள், வாழ்நாள் பராமரிப்புத் திட்டம், வேறு எங்கிருந்தெல்லாம் பணம் வந்தது என்ற கணக்கு, வரம்புக்குள் கிடைத்த பணம் எப்படிச் செலவானது என்ற வக்கீலின் முடிப்புக் கணக்கு, வக்கீல் கட்டணமும் லாபியிஸ்ட் (சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டக் கூலிக்கு அமர்த்தப்படுபவர்) கட்டணமும் எவ்வளவு என்ற பிரமாணப் பத்திரம்.

வாழ்நாள் பராமரிப்புத் திட்டம் பற்றி ஒரு வார்த்தை. 5 ஆண்டுக்கு முன் வழக்குக்காகத் தயாரித்ததை அப்படியே கொடுத்தால் முதல் கேள்வியிலேயே அடிவிழும்: ‘வாரம் 3 தடவை பிசியோதெரபி என்று போட்டிருக்கிறதே, போன வருஷம் எத்தனை தடவை போனீர்கள்?’ பணம் இல்லாததால் போகவில்லை என்பது சரியான பதில்தான். ஆனால் அதைக் காட்ட மறுக்கப்பட்ட இன்சூரன்ஸ் கடிதமோ, நிறுத்திய தேதியுள்ள சிகிச்சைக் குறிப்போ கையில் இருக்க வேண்டும்.

சமரசத் தொகையையும் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பணம் தன் கையிலிருந்து போகாது என்று தெரிந்தால் எந்த நிறுவனமும் பெரிய எண்ணுக்குத் தாராளமாகக் கையெழுத்துப் போடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மசோதாவுக்குள் என்ன எழுதியிருக்கும்?

இரண்டு, மூன்று பக்கம்தான். தலைப்புக்குக் கீழே ‘இன்ன தேதியில் இன்ன சாலையில் இன்ன வாகனம்’ என்று தொடங்கும் ‘ஆகையால்’ பத்திகள் வரிசையாக வரும். பிறகு பிரிவு 1: மேலே சொன்னவை உண்மை என்று சட்டமன்றம் ஏற்கிறது. பிரிவு 2: இன்ன நிறுவனம், வேறு எதற்கும் ஒதுக்கப்படாத தன் நிதியிலிருந்து இவ்வளவு தொகைக்கு இன்னார் பெயரில் பணம் வழங்க வேண்டும். பிரிவு 3: இதுவே இந்தச் சம்பவத்துக்கான முழு இழப்பீடு, வக்கீல் கட்டணம் இவ்வளவைத் தாண்டக் கூடாது. கடைசிப் பிரிவு: சட்டமானதும் அமலுக்கு வரும்.

பிரிவு 2தான் உயிர்நாடி. பணம் உள்ளூர் நிறுவனத்தின் பையிலிருந்தா, மாநிலப் பொது வருவாயிலிருந்தா என்பது அங்கே முடிவாகிறது. பெயர், பாதுகாவலர் பெயர், டிரஸ்ட் பெயர் ஆகியவற்றில் ஒரு எழுத்து மாறினாலும் செக் நிற்கும்.

ஏன் பல மசோதாக்கள் தோற்கின்றன?

எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்கடிப்பது அபூர்வம். பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படாமலே போகும். ஒரு கமிட்டியில் நிகழ்ச்சி நிரலுக்கு வராவிட்டால் கதை முடிந்தது. 60 நாள் முடிந்ததும் மசோதா காலாவதி. அடுத்த ஆண்டு புது எண்ணோடு முதலிலிருந்து. சில ஆண்டுகளில் அவைத் தலைமையே கிளெய்ம் மசோதாக்களைப் பொதுவாக எடுப்பதில்லை என்று இருந்திருக்கிறது. அப்போது உங்கள் கேஸின் தரம் எதுவும் கணக்கில் வராது.

இரண்டாவது காரணம் நிறுவனத்தின் எதிர்ப்பு. நகராட்சியின் லாபியிஸ்ட் வருஷம் முழுக்கத் தலைநகர் டல்லஹாசியில் இருப்பவர். உங்களுடையவர் ஒரு மசோதாவுக்காக வந்தவர். அதனால் அனுபவமுள்ள வக்கீல்கள் தொகையைக் குறைத்தாவது ‘மசோதாவை ஆதரிப்போம்’ அல்லது குறைந்தது ‘எதிர்க்க மாட்டோம்’ என்ற வாசகத்தைச் சமரசத்தில் எழுதி வாங்குகிறார்கள். எங்கள் பார்வையில், நிறுவனம் விடாமல் எதிர்க்கும் 50 லட்சத் தீர்ப்பைவிட எதிர்க்காத 20 லட்சச் சமரசம் மதிப்பு அதிகம்.

மூன்றாவது, இரண்டு அவைகளிலும் வேறு வேறு தொகை. செனட் 20 லட்சம், கீழவை 12 லட்சம் என்று நிறைவேற்றிவிட்டுக் கடைசி இரவில் ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் போச்சு. எல்லாம் தாண்டி ஆளுநரிடம் போனாலும் அவர் வீட்டோ செய்யலாம். கூட்டத்தொடர் நடக்கும்போது அவருக்கு 7 நாள், முடிந்த பிறகு என்றால் 15 நாள். கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தால் சட்டமாகிவிடும்.

வக்கீல் எவ்வளவு எடுப்பார்?

768.28இன்படி 25 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 2 லட்சத்தில் 50,000. நிபுணர் சாட்சிச் செலவு தனி. மருத்துவக் கேஸில் அந்தச் செலவே மீதத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அண்மைக்கால மசோதாக்கள் பலவற்றில் வக்கீலுக்கு 20, லாபியிஸ்டுக்கு 5 என்று அந்த 25ஐப் பிரித்து எழுதுகிறார்கள்.

சட்டமன்றம் இதையும் குறைக்கலாமா என்பது பெரிய சண்டை. கிளெய்ம் மசோதா அரசின் கருணை, ஆகவே நிபந்தனை போடலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1984இல் கேம்பிள் எதிர் வெல்ஸ் வழக்கில் சொன்னது. பிறகு, பிரசவக் காயம் தொடர்பான ஒரு மசோதாவில் 1.5 கோடி டாலர் வரை கொடுத்துவிட்டு, கட்டணங்களை 1 லட்சத்துக்குள் அடக்கியது சட்டமன்றம். 2017இல் சேர்ஸி டென்னி வழக்கில் அதே நீதிமன்றம், 25 சதவீதத்துக்குள் முன்பே போட்ட ஒப்பந்தத்தை இப்படி உடைக்க முடியாது என்றது.

தீர்ப்பே இல்லாமல் சட்டமன்றத்துக்குப் போகலாமா?

போகலாம். சட்டப்படி உரிமை இல்லாவிட்டாலும் நியாயப்படி கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு ‘ஈக்விட்டி’ கோரிக்கை என்று பெயர். பேர்பெற்ற உதாரணம் ரோஸ்வுட். 1923 ஜனவரியில் லெவி கவுண்டியில் இருந்த அந்தக் கறுப்பின ஊரை வெள்ளையர் கும்பல் எரித்து அழித்தது, அதிகாரிகள் காப்பாற்றவில்லை. 71 ஆண்டு கழித்து, 1994இல், சட்டமன்றம் சுமார் 21 லட்சம் டாலர் ஒதுக்கியது. உயிரோடிருந்த சாட்சிகளுக்கு ஆளுக்கு 1.5 லட்சம் வரை, சொத்திழந்த குடும்பங்களுக்கு 5 லட்சம், மீதி படிப்பு உதவித்தொகை. நான்கு ஆண்டுக் கெடு என்னவாயிற்று என்றால், சட்டமன்றம் நினைத்தால் தான் போட்ட கெடுவைத் தானே ஒதுக்கி வைக்கலாம்.

தவறாகச் சிறைப்பட்டவர்களும் இந்த வழியில் வந்தார்கள். செய்யாத கொலைக்கு 12 ஆண்டு உள்ளே இருந்து 1975இல் மன்னிப்புப் பெற்ற ஃப்ரெடி பிட்ஸ், வில்பர்ட் லீ இருவருக்கும் 1998இல்தான் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கிடைத்தது. 2008இல் ஆண்டுக்கு 50,000 டாலர், உச்சம் 20 லட்சம் என்று பொதுச் சட்டமே வந்தது. முன்குற்றப் பதிவு இருந்தவர்களை அது ஆரம்பத்தில் வெளியே நிறுத்தியதால், அவர்களுக்கு மறுபடி கிளெய்ம் மசோதாதான் கதி.

மோதியது தபால் துறை வேன் என்றால்?

அது மத்திய அரசு. ஃபுளோரிடா சட்டமன்றத்துக்கு வேலையில்லை. 1946இன் கூட்டாட்சி இழப்பீட்டுக் கோரிக்கைச் சட்டப்படி, எஸ்எஃப்-95 என்ற படிவத்தை 2 ஆண்டுக்குள் அந்தத் துறையிடம் கொடுக்க வேண்டும். தொகைக் கட்டத்தில் குறிப்பிட்ட ஒரு எண் இருந்தாக வேண்டும். ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று எழுதினால் கோரிக்கையே செல்லாது. குறைத்து எழுதினால் பிறகு கோர்ட்டில் கூட்டிக் கேட்பது மிகவும் கடினம். மறுப்புக் கடிதம் தபாலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்கு. ஜூரி கிடையாது.

அதற்கு முன் இவை எல்லாமே நாடாளுமன்றத்தில் தனி மசோதாக்களாகக் குவிந்தன. 1946லேயே, புதிய சட்டத்தில் கேட்கக்கூடியவற்றுக்குத் தனி மசோதா கூடாது என்று தடையும் வந்தது. அந்தச் சட்டம் கைவிட்டவர்களுக்கு மட்டும் பழைய கதவு திறந்திருக்கிறது. 1947 ஏப்ரல் 16இல் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய கப்பல் வெடித்து 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசின் முடிவெடுக்கும் உரிமைக்கு உட்பட்ட விஷயம், பொறுப்பில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1953இல் டேல்ஹைட் வழக்கில் 4-3 என்று தீர்த்தது. 1955இல் நாடாளுமன்றம் அந்த விபத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டுப் பணம் கொடுத்தது.

இன்று அந்தக் கதவைத் தட்டினால், ஏதாவது ஒரு அவை தீர்மானம் போட்டு மசோதாவைக் கூட்டாட்சிக் கோரிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே ஒரு நீதிபதி விசாரிப்பார், மூவர் குழு மறுஆய்வு செய்யும். கடைசியில் கிடைப்பது தீர்ப்பல்ல, அறிக்கை. நாடாளுமன்றக் கீழவையில் தனி மசோதாக்களுக்கென ஒரு பட்டியல் உண்டு. மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்களில் வரும். இரண்டு உறுப்பினர்கள் எதிர்ப்புச் சொன்னாலே மசோதா கமிட்டிக்குத் திரும்பிவிடும்.

மசோதா நிறைவேறிவிட்டது. முழுத் தொகையும் கைக்கு வருமா?

முதலில் கட்டணமும் செலவும் போகும். சிகிச்சைக்கு மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) பணம் கட்டியிருந்தால் அந்தப் பாத்தியதையைத் தீர்க்க வேண்டும். எவ்வளவு என்று மசோதா தாக்கலாகும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். காயம்பட்டவர் சிறுவரோ, தானாக முடிவெடுக்க முடியாதவரோ என்றால் பணம் பாதுகாவலருக்கு அல்லது சிறப்புத் தேவை டிரஸ்டுக்குப் போக வேண்டும். அப்படி இல்லாமல் நேராக அவர் பெயரில் வந்தால் சொத்து வரம்பைத் தாண்டி மெடிக்கெய்டே நின்றுபோகும். உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்கு மத்திய வருமான வரி கிடையாது. அதைப் போட்டுவைத்து வரும் வட்டிக்கு உண்டு. சில மசோதாக்கள் தொகையை ஆண்டுத் தவணைகளாகவும் பிரிக்கின்றன.

கிடைத்தது போதவில்லை என்று அடுத்த ஆண்டு இன்னொரு மசோதா கொண்டுவரலாமா?

முடியாது. சட்டமன்றம் கொடுப்பது முழு இழப்பீடாகவே கருதப்படும், அதே சம்பவத்துக்கு மறுபடி வர இடமில்லை என்று 11.065இல் தெளிவாக இருக்கிறது. கமிட்டியில் தொகையைப் பாதியாக வெட்டினால், அந்தப் பாதியை ஏற்பதா, மசோதாவைத் திரும்பப் பெற்று அடுத்த ஆண்டு பார்ப்பதா என்று அன்றைக்கே சொல்ல வேண்டியிருக்கும். எவ்வளவுக்குக் கீழே இறங்குவதில்லை என்ற எண்ணைக் குடும்பம் முன்கூட்டியே பேசி, வக்கீலிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.